அக்காவுக்குக் கேட்ட மாத்திரை

எங்கள் பக்கத்தில் மருந்து குணம் கொடுத்தால் ‘கேக்குது’ என்பார்கள்; கொடுக்காவிட்டால் ‘கேக்கல’. மருந்துக்கடைக் கவுன்ட்டருக்குப் பின்னால் நின்ற இத்தனை வருஷத்தில் என் காதில் அதிகமாக விழுந்த சொல் அதுதான். சிவப்பு அட்டைதான் எனக்குக் கேட்கும் என்று ஒருவர் வருவார். போன தடவை கொடுத்தது கேட்கவில்லை, நல்லதாகக் கொடு என்று இன்னொருவர் வருவார். நல்லது என்றால் விலை கூடியது. அதை யாரும் தனியாகச் சொல்வதில்லை, சொல்லவும் வேண்டியதில்லை.

நான் டி.ஃபார்ம் படித்தவள். தூத்துக்குடி டவுனில், பழைய பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் இருக்கிற ஒரு மெடிக்கலில் வேலை. கடை அண்ணாச்சிக்கு ஊர் ஏரல் பக்கம். முன்பு கருப்பட்டியும் பயறும் விற்றவர். மருந்து அவருக்கு இன்னொரு சரக்கு, அவ்வளவுதான். உள்ளே ஒரே மருந்து, ஒரே அளவு இருக்கிற நாலைந்து கம்பெனி மாத்திரைகளில், மினுமினுக்கிற அட்டைப்பெட்டியில் வருவது எங்கள் கடையில் கண் மட்டத்தில் இருக்கும். வெறும் அலுமினியத் தாளில் ஒட்டி வருகிற மலிவானது கீழ்த்தட்டில், குனிந்து எடுக்கிற இடத்தில் கிடக்கும். ஒருமுறை டாக்டர் சீட்டில் கம்பெனிப் பெயர் இல்லாமல் மருந்தின் பெயர் மட்டும் எழுதியிருந்ததால், ஓர் அம்மாளுக்கு மலிவானதை எடுத்துக் கொடுத்தேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, என்னைப் பார்த்தால் அவ்வளவு இல்லாதப்பட்டவளாகவா தெரிகிறது என்று கேட்டார். அன்றைக்கு அது எனக்கு வேடிக்கையாக இருந்தது. பிறகு என் சொந்த அக்கா வீட்டிலேயே அந்தச் சங்கதி நடந்தபோது வேடிக்கையாக இல்லை. இன்றைக்கும் நினைத்தால் வாயில் ஒரு கசப்பு வந்து நிற்கிறது.

அக்கா முத்தையாபுரத்தில் வாக்கப்பட்டவள். மெயின் ரோட்டை ஒட்டி அத்தானுக்குப் பலசரக்குக் கடை, மேலே வீடு. துறைமுகத்துக்கும் கம்பெனிகளுக்கும் போகிற லாரிகளின் புழுதி நாள் முழுக்கக் கடைக்குள் வந்து படியும். அத்தான் கொள்முதல் என்று மார்க்கெட்டுக்குப் போய்விடுவார். எடை போடுவது, பொட்டலம் மடிப்பது, மாடிக்கும் கடைக்குமாக ஏறி இறங்குவது எல்லாம் அக்காதான். காலையில் கடை திறந்ததிலிருந்து நின்றுகொண்டே இருப்பாள். நாற்பத்தைந்தைத் தாண்டியதும் முழங்கால் மடங்க மறுத்தது. படியில் ஒவ்வொரு காலாக, பக்கவாட்டில் சாய்ந்து இறங்க ஆரம்பித்தாள்.

அத்தானைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஒரே மூட்டைத் துவரம்பருப்பை இரண்டு டப்பாக்களில் கொட்டி, ஒன்றின் மேல் ஒரு விலையும் இன்னொன்றின் மேல் கூடுதல் விலையும் எழுதி வைத்திருப்பார். துறைமுகக் குவார்ட்டர்ஸ் ஆட்கள் கூடுதல் விலைப் பருப்பைத்தான் வாங்குவார்கள். சீக்கிரம் வேகிறது, சாம்பார் மணமாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டு மறுபடியும் வருவார்கள். சாப்பாட்டு நேரத்தில் இதைச் சொல்லிச் சிரிப்பார். நாங்களும் சேர்ந்து சிரித்திருக்கிறோம். கெட்ட மனுஷர் என்று நான் சொல்ல மாட்டேன். அக்காவிடம் குரல் உயர்த்திப் பேசிப் பார்த்ததில்லை. ஊரில் யார் கேட்டாலும் என் வீட்டுக்காரி கால் வைத்த பிறகுதான் கடை நிமிர்ந்தது என்பார்.

கால்வலி கூடியதும் நான்தான் அக்காவைப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த டாக்டர், மூட்டு தேய்ந்திருக்கிறது, எடையைக் குறைக்க வேண்டும், உட்கார்ந்து வேலை பார்க்க வேண்டும் என்றார். தொடைக்கு ஒரு பயிற்சி சொல்லிக்கொடுத்தார். வலி தாங்க முடியாத நாளில் மட்டும், சாப்பிட்ட பிறகு போடச் சொல்லி டைக்ளோஃபினாக் மாத்திரை எழுதினார். உடம்பு வலிக்கு ஊர் முழுக்க விழுங்குகிற சாதாரண மாத்திரைதான் அது. எங்கள் கடையின் கீழ்த்தட்டிலிருந்து எடுத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அக்கா அட்டையைக் கையில் வைத்துப் பார்த்தாள். ஆஸ்பத்திரியில் சும்மா கொடுக்கிற மாத்திரை மாதிரி இருக்கிறதே என்றாள். அந்த வாரக் கடைசியில் போனபோது, கேட்கவே இல்லை, பச்சைத்தண்ணியைக் குடித்த மாதிரிதான் இருக்கிறது என்று சொல்லி மிச்சத்தை என்னிடமே திருப்பித் தந்துவிட்டாள். பக்கத்தில் நின்ற அத்தானுக்கு அது தன்மானப் பிரச்சினையாகிவிட்டது. தெருவில் போகிறவன் எல்லாம் விழுங்குகிற மாத்திரையைத் தின்ன வேண்டிய நிலைமையிலா என் பொண்டாட்டியை வைத்திருக்கிறேன் என்று கேட்டார். பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனதையே குற்றம்போலப் பேசினார். அடுத்த வாரமே டவுனில் புதிதாகத் திறந்திருந்த ஒரு மூட்டுவலி கிளினிக்குக்கு நம்பர் வாங்கிவிட்டார். நானும் கூடப் போனேன்.

கண்ணாடிக் கதவைத் திறந்ததும் ஏசிக் குளிரும் மல்லிகை சென்ட்டும் முகத்தில் அடித்தன. சுவர் நெடுக, வெள்ளைக்காரத் தாத்தாவும் பாட்டியும் கடற்கரையில் ஓடுகிற படங்கள். மேஜை மேல் பிளாஸ்டிக்கில் ஒரு முழங்கால் எலும்பு. அந்த டாக்டர் அக்காவின் காலைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. பெரியாஸ்பத்திரி எக்ஸ்ரேயை வெளிச்சத்துக்கு நேராக ஒரு நொடி பிடித்தார், வைத்துவிட்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, என்னமோ ரகசியம் போலச் சொன்னார்.

“இது சாதாரணப் பெயின் கில்லர் இல்லம்மா. மூட்டுக்குன்னே ஸ்பெஷலா வருது. வெளியில எங்கயும் கெடைக்காது.”

வெளியே, அவர்களுடைய மருந்துக் கவுன்ட்டரில், பழுப்புக் கண்ணாடிப் புட்டி ஒன்றை எடுத்து வைத்தார்கள். கனமான புட்டி. தங்க நிறத்தில் ஆங்கில எழுத்து. மூடியைத் திருகினால் உள்ளே பஞ்சு. அதைப் பட்டுப்புடவைக் கடையில் கொடுக்கிற மாதிரி கயிற்றுக் கைப்பிடி வைத்த காகிதப் பையில் போட்டு, இரண்டு கையாலும் நீட்டினாள் அங்கிருந்த பெண். அதன் விலைக்கு எங்கள் கடைக் கீழ்த்தட்டிலிருந்து ஒரு வருஷத்துக்கு வாங்கியிருக்கலாம். அத்தான் ரொக்கமாகவே கொடுத்தார். கொடுக்கும்போது அக்காவைப் பார்த்தார். அக்கா தலையைக் குனிந்துகொண்டாள், ஆனால் முகம் மலர்ந்திருந்தது. கல்யாணத்துக்கு நகை எடுத்த அன்றைக்குப் பிறகு அப்படி ஒரு முகத்தை நான் அவளிடம் பார்த்ததில்லை.

ஆட்டோவிலேயே பாட்டில் தண்ணீரை ஊற்றி முதல் மாத்திரையைப் போட்டுவிட்டாள். முத்தையாபுரம் போய்ச் சேரும் முன்னாலேயே காலை நீட்டி மடக்கிப் பார்த்து, “லேசா இருக்குளா” என்றாள். அந்த நேரத்தில் மாத்திரை வயிற்றில் கரைந்துகூட இருக்காது. நான் புட்டியை வாங்கி வெளிச்சத்தில் திருப்பினேன். தங்க எழுத்துக்குக் கீழே, எறும்பு ஊர்ந்த மாதிரிப் பொடி எழுத்தில், டைக்ளோஃபினாக் என்று இருந்தது. அவள் கேட்கவில்லை என்று திருப்பித் தந்த அதே மருந்து. அளவும் அதேதான்.

வீட்டுக்குப் போனதும் சொன்னேன். அக்கா என்னை இரக்கத்தோடு பார்த்தாள். கடையில் நின்று நின்று உனக்கு எல்லா மாத்திரையும் ஒன்றாகத்தான் தெரியும் என்றாள்.  நான் கிளம்பும்போது அத்தான் வாசல்வரை வந்து, நிஜமாகவே இரண்டும் ஒன்றுதானா என்று கேட்டார். சத்தியமாக ஒன்றுதான் என்றேன். மலிவான மாத்திரையின் பெயரை இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். எப்படியும் அக்காவுக்குப் புரிய வைத்துவிடுவார் என்று நினைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

அதற்குப் பிறகு வந்த மாதங்களில் அக்கா நன்றாகவே நடந்தாள். அதை மறுக்க முடியாது. படியில் நேராக இறங்கினாள். தசராவுக்குக் குலசேகரன்பட்டினம் போய், வேஷக்காரர்கள் கூட்டத்தில் இடிபட்டு நின்று அம்மனைப் பார்த்துவிட்டு வந்தாள். ஆனால் கால் சரியானதைவிடப் புட்டியின் விலைதான் ஊர் முழுக்கப் பேசப்பட்டது. டிவிக்குப் பக்கத்தில், சாமி படத்துக்குக் கீழே புட்டி நின்றது. பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்து அதைக் கையில் வாங்கிப் பார்த்தார்கள். கடைக்கு வருகிற ஆட்களிடம் அத்தான் பேச்சோடு பேச்சாக விலையைச் சொல்லுவார். கேட்கிறவர் வாயைப் பிளந்ததும் அடுத்த பொட்டலத்தை மடிப்பார். இறால் கம்பெனிக்கு வேலைக்குப் போகிற ஒரு பெண், தன் அம்மாவுக்கு அந்தப் புட்டியை வாங்க வேண்டும் என்று என்னிடம் வழி கேட்டாள். அதே மருந்து எங்கள் கடையில் கிடைக்கும் என்றேன். அப்படியென்றால் உங்கள் அக்காவுக்கு மட்டும் ஏன் அந்தப் புட்டி என்று கேட்டுவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள். எனக்கு அந்த வீட்டுக்குப் போகவே பிடிக்காமல் ஆயிற்று. போனால் அந்தப் புட்டியின் முன்னால்தான் உட்கார வேண்டும்.

ஆனாலும் போனேன். அப்படிப் போன ஒரு நாள், அக்கா கடையில் தொங்கிக்கொண்டிருந்த மாத்திரைச் சரத்திலிருந்து ஒன்றைக் கிழித்து வாயில் போட்டதைப் பார்த்தேன். லோடு இறக்குகிறவர்கள் வாங்குகிற உடம்புவலி மாத்திரை. அட்டையில் ஒரு முதுகும் அதன் நடுவில் தீ எரிகிற மாதிரியும் படம். உள்ளே இருந்தது மறுபடியும் டைக்ளோஃபினாக். அக்கா, புட்டியில் உள்ளதும் இதுவும் ஒன்று, இரண்டையும் சேர்த்துப் போட்டால் குடல் புண்ணாகிவிடும் என்று சொன்னேன். அவள் அட்டையை என் முகத்துக்கு நேராக நீட்டினாள்.

“அது முட்டுக்கு, இது முதுகுக்கு. படமே போட்டிருக்கு, ஒனக்குக் கண்ணு தெரியலயாளா?”

தோள்பட்டைக்கு டிவி விளம்பரத்தில் வருகிற இன்னொன்றும் வைத்திருந்தாள். அதுவும் அதே மருந்துதான். பெட்டிகள் மூன்று, நிறங்கள் மூன்று, வலிகள் மூன்று. அவளைப் பொறுத்தவரை மருந்தும் மூன்று. அத்தானைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன். சரி சரி, சொல்லுதேன் என்றார். சரத்தைக் கழற்றவில்லை. போகும்போதெல்லாம் நான் சொன்னேன். போகப்போக நான் வந்தாலே அக்கா பேச்சை மாற்றிவிடுவாள்.

கார்த்திகை மாதம் ஒரு காலை நேரம். நான் கடையில் சரக்குப் பிரித்துக்கொண்டிருந்தேன். அத்தான் போன் பண்ணினார். அக்கா சீனி எடை போட்டுக்கொண்டிருந்தவள் அப்படியே மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டாளாம். காப்பி குடித்தது ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது, காப்பிப் பொடியைக் கரைத்த மாதிரி வாந்தி எடுக்கிறாள் என்றார்.  அது காப்பி இல்லை, வயிற்றுக்குள் கசிந்த ரத்தம் அப்படித்தான் கறுத்து வெளியே வரும். ஒரு நிமிஷமும் நிற்காமல் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு வாருங்கள் என்று கத்தினேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது அக்கா ஸ்ட்ரெச்சரில் கிடந்தாள். உதடு வெளுத்திருந்தது. அத்தானின் வெள்ளைச் சட்டை முழுக்கக் கறுப்புத் திட்டு. அவர்தான் வாந்தியைக் கையில் ஏந்தி, அவளைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார். ரத்தம் ஏற்றினார்கள். குழாய் விட்டுப் பார்த்ததில் இரைப்பையில் புண், அதிலிருந்து ரத்தம் வடிகிறது என்றார்கள். முந்தின வாரம் முழுக்க மலம் கறுப்பாகப் போனதாம். கேழ்வரகு சாப்பிட்டதால் என்று நினைத்துக்கொண்டாளாம்.

டியூட்டியில் இருந்த இளம் டாக்டர், என்னென்ன மாத்திரை எடுத்தீர்கள் என்று கேட்டார். பேச முடியாமல் கிடந்த அந்த நிலைமையிலும் அக்கா, முட்டுக்கு மட்டும் ஒரு மாத்திரை, ஆனால் மட்டமானது இல்லை, கிளினிக்கில் வாங்கியது என்றாள். எல்லாவற்றையும் எடுத்து வரச் சொன்னார் டாக்டர். நான் ஆட்டோ பிடித்து முத்தையாபுரம் போனேன். கடையில் சீனியின் மேல் ஈ மொய்த்துக்கொண்டிருந்தது. மாடிக்குப் போய்ப் புட்டியை எடுத்து, எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பார்ப்பதற்காக உள்ளங்கையில் கொட்டினேன்.

கொட்டியதும் தெரிந்துவிட்டது. கிளினிக் மாத்திரையை முதல் நாள் ஆட்டோவில் பார்த்திருக்கிறேன். வழுவழுவென்று, மெருகு போட்ட மாதிரி இருக்கும். கையில் கிடந்தது ஓரத்தில் பொடி உதிர்கிற, நடுவில் கோடு போட்ட மாத்திரை. எங்கள் கடைக் கீழ்த்தட்டில் கிடப்பது, நான் தினமும் தொடுவது. பழுப்புக் கண்ணாடிக்குள் நிறம் தெரியாது. அக்காவுக்குக் கண்ணாடி போடாமல் கிட்டத்தில் இருப்பதும் தெளிவாகத் தெரியாது. மாத்திரைகளைத் திரும்பப் புட்டியில் போட்டு, தோள்பட்டை மாத்திரையையும் கடைச் சரத்திலிருந்து ஒரு அட்டையையும் எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.  

ஆஸ்பத்திரியில் டாக்டரிடம் எல்லாவற்றையும் கொடுத்து, உள்ளதை உள்ளபடி சொன்னேன். புட்டியில் இருந்தது மாற்றி வைத்தது என்பதையும் சொன்னேன். அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எந்தக் கம்பெனியாக இருந்தாலும் இதே மருந்துதான், ஒரே மருந்தை மூன்று பெயரில் தின்றிருக்கிறார்கள், யாரும் சொல்லவில்லையா என்றார். சொன்னேன் என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

அத்தானை வெளியே, வேப்பமரத்தடியில் பிடித்தேன். முதலில் மறுத்தார். பிறகு முதல் புட்டி மட்டும்தான் கிளினிக்கில் வாங்கியது என்று ஒத்துக்கொண்டார். அது தீர்ந்ததும், எங்கள் கடையில் வாங்கினால் எனக்குத் தெரிந்துவிடும் என்று வேறு கடையில் மலிவான மாத்திரையை வாங்கி, அட்டையிலிருந்து பிதுக்கி, புட்டியில் நிரப்பியிருக்கிறார். பஞ்சையும் மேலே வைத்திருக்கிறார். மாதாமாதம் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, டவுனுக்குப் போய்வருகிறேன் என்று காலிப் புட்டியோடு கிளம்பி, மடித்து ஒளித்து வைத்திருந்த அந்தக் கயிற்றுக் கைப்பிடிப் பையிலேயே புட்டியைப் போட்டுக் கொண்டுவந்து அக்கா கையில் கொடுத்திருக்கிறார். அதைக் கேட்கும்போதுதான் எனக்கு மேலெல்லாம் கூசியது. மாத்திரையை மாற்றியதைக்கூட விட்டுவிடலாம். அந்தப் பையை அவர் கசங்காமல் மடித்து வைத்திருந்தார் என்பதை என்னால் தாங்க முடியவில்லை.

நான் ஏதோ சொன்னேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை. அவர் சொன்னது நினைவிருக்கிறது.

“அதும் இதும் ஒண்ணுன்னு நீதான பிள்ள சொன்ன? ஒண்ணுன்னா நா மாத்துனதுல என்ன தப்பு? அவ நடந்தாளா இல்லியா? தசராவுக்குப் போனாளா இல்லியா?”

 மருந்துக் கணக்கில் அவர் சொன்னது சரி. மாற்றாமல் இருந்திருந்தாலும் அவளுக்குப் புண் வந்துதான் இருக்கும். இத்தனை மாதம் அவளை நடக்க வைத்தது, அவள் எனக்குத் திருப்பிக் கொடுத்த அதே மாத்திரைதான். அந்த மனுஷரிடம் எனக்கு அருவருப்பாக இருந்தது. அவர் சொன்னது சரியாகவும் இருந்தது. இரண்டையும் ஒன்றாக வைத்துக்கொண்டு அந்த மரத்தடியில் நின்றேன். சாயங்காலம் சொந்தக்காரர்கள் ஆரஞ்சுப் பழத்தோடு வந்தார்கள். அத்தான் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மாசாமாசம் இவ்வளவு துட்டைக் கொட்டி மாத்திரை வாங்கிக் கொடுத்தேன், அப்படியும் இப்படி ஆகிவிட்டதே என்று புட்டியின் விலையைச் சொன்னார். நான் பக்கத்தில் நிற்கிறேன் என்று தெரிந்தே சொன்னார். அழுகை பொய் இல்லை. விலைதான் பொய்.

அக்கா தேறிவிட்டாள் என்று உறுதியான பிறகு, ஒரு நாள் அந்தக் கிளினிக்குக்கும் போனேன். அதே மல்லிகை வாசனை. நடந்ததைச் சொல்லி, வாங்குகிறவர்களிடம் இதனுள் என்ன இருக்கிறது, வேறு எதோடு சேர்க்கக் கூடாது என்றாவது சொல்லக் கூடாதா என்று கேட்டேன். டாக்டருக்குக் கோபம் வரவில்லை. நான் கொடுத்தது ஒன்றுதானே, மற்றதற்கு நான் எப்படிப் பொறுப்பாக முடியும் என்றார். பிறகு இழுப்பறையைத் திறந்து இன்னொரு புட்டியை எடுத்து மேஜை மேல் வைத்தார். பச்சைக் கண்ணாடி, வெள்ளி எழுத்து. இது வயிற்றுக்கு இதமானது, கொஞ்சம் விலை கூடும் என்றார். நான் எழுந்து வந்துவிட்டேன். ரோட்டில் இறங்கி நடக்கும்போதும் அந்தச் சென்ட் நாற்றம் என் புடவையிலேயே இருந்தது. வீட்டுக்கு வந்ததும் புடவையை ஊறப் போட்டேன்.

அக்காவிடம் உண்மையைச் சொல்ல வேண்டுமா என்று யோசித்தேன். மறைத்தால் நாளைக்கு வேறொரு புட்டி வரும் என்று தோன்றியது. வீட்டுக்குக் கூட்டிவந்த பிறகு, அத்தான் கடையில் இருந்த ஒரு மத்தியானம், கஞ்சி கொடுத்துக்கொண்டே சொன்னேன். புட்டியில் முதல் மாதத்துக்குப் பிறகு இருந்தது என்ன என்பதை மட்டும் சொன்னேன். இனிமேலாவது நம்புவாள் என்று எதிர்பார்த்தேன். அந்த மாத்திரையே உனக்கு இவ்வளவு நாள் கேட்டிருக்கிறது பார் என்று சொல்ல வாயெடுத்தேன்.

அதற்குள் அவள் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டாள்.

“அதான பாத்தேன். ரெண்டாவது புட்டியிலேருந்தே சரியாக் கேக்கல. ராவெல்லாம் காலு உளைஞ்சிக்கிட்டே கெடக்கும். ஒங்க அத்தான் மனசு கஷ்டப்படுமேன்னு நாந்தான் வெளிய சொல்லல.”

நான் அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பொய் சொல்கிற முகம் இல்லை. குலசேகரன்பட்டினத்தில் மணிக்கணக்காக நின்றவள், படியில் நேராக இறங்கியவள், அந்த மாதங்கள் முழுக்க வலியில் கிடந்ததாக இப்போது நம்பினாள். பேசிக்கொண்டிருக்கும்போதே கை முழங்காலுக்குப் போனது. அமுக்கிக்கொண்டாள். முகம் சுருங்கியது. வலி நிஜமாகவே வந்துவிட்டது. எழுந்து பாத்ரூமுக்குப் போகும்போது பழையபடி பக்கவாட்டில் சாய்ந்து நடந்தாள்.

ரத்தம் கக்கியதைப் பற்றி அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மூன்று அட்டைகளைப் பற்றியும் கேட்கவில்லை. சாயங்காலம் அத்தான் மேலே வந்தபோது அவள் சொன்னது ஒன்றுதான்: “நா ஒங்களுக்கு அவ்வளவு மட்டமாப் போயிட்டேன்.”  பொங்கல் வரைக்கும் அவரிடம் அவள் பேசவில்லை. கிளினிக்கில் பணம் கட்டும்போது மலர்ந்த அவள் முகம் எனக்கு அப்போதுதான் புரிந்தது. முழங்காலுக்கு எவ்வளவு கொடுத்தார் என்று அவள் பார்க்கவில்லை. தனக்கு எவ்வளவு கொடுத்தார் என்று பார்த்திருக்கிறாள். அது புரிந்ததும் அவள் மேல் இருந்த எரிச்சல் கொஞ்சம் இறங்கியது. மற்றவர்கள் மேல் இருந்தது இறங்கவில்லை.

என் மேலும் அந்த எரிச்சல் வந்த நாள் ஒன்று உண்டு. மாசி மாதம் எனக்குக் கடைவாய்ப் பல் வலித்தது. கடையில் நிற்க முடியவில்லை. கீழ்த்தட்டிலிருந்து ஒன்றை எடுத்துப் போட்டேன். ஒரு மணி நேரம் ஆகியும் தாடை விண்விண் என்று தெறித்தது. அண்ணாச்சி பார்த்துவிட்டு, கண் மட்டத் தட்டிலிருந்து மினுமினுக்கிற பெட்டி ஒன்றை எடுத்து என் முன்னால் வைத்தார். இரண்டும் ஒன்றுதான் அண்ணாச்சி, அடுத்ததைப் போட இன்னும் நேரம் இருக்கிறது என்றேன். நேரமானதும் கை அந்தப் பெட்டிக்குத்தான் போனது. அட்டையை அழுத்தியதும் மாத்திரை டப்பென்று வெளியே வந்த சத்தத்திலேயே தாடை இளகிய மாதிரி இருந்தது. தண்ணீர் குடித்து முடிக்கும் முன் வலி பாதியாகிவிட்டது. எல்லாம் தெரிந்தவள் நான். அந்த மருந்தின் பெயர், அளவு, கரைகிற நேரம் எல்லாம் தெரியும். தெரிந்து என்ன? என் உடம்பு எனக்கே அந்நியமாக, ஒரு அற்ப ஜந்து மாதிரி வாலாட்டியது. அண்ணாச்சி சிரித்துக்கொண்டே வேறு ஆளுக்குச் சில்லறை கொடுக்கப் போய்விட்டார்.

வலிமாத்திரை எதையும் இனி அக்கா தொடக் கூடாது என்று ஆஸ்பத்திரியில் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார்கள். பயிற்சி செய்கிறாள், ஒழுங்காக இல்லை. கடையில் அவள் உட்கார ஒரு உயரமான ஸ்டூல் போட்டிருக்கிறது. மாத்திரைச் சரத்தை நானே கழற்றிக் குப்பையில் போட்டேன். அடுத்த மாதம் புதுச் சரம் தொங்கியது. லோடுக்காரர்கள் கேட்கிறார்கள் என்றார் அத்தான். அக்காவுக்குத் தெரியாமல் இருக்கட்டும் என்று உள்பக்கமாக மாட்டியிருக்கிறார்.

போன ஞாயிற்றுக்கிழமை போயிருந்தேன். காலுக்கு உப்பு ஒத்தடம் கொடுத்தால் சுகமாக இருக்கிறது என்றாள். நல்ல விஷயம்தான், வயிற்றைக் கெடுக்காது. வறுக்கலாம் என்று அடுப்படிக்குப் போனேன். கல்லுப்பு ஜாடி நிறைய இருந்தது. அது வேண்டாம், அங்கன மேல் தட்டில் இருக்கிறது பார் என்றாள். எடுத்தேன். இமயமலை உப்பு என்று ஆங்கிலத்தில் எழுதிய, ஜிப் வைத்த பாக்கெட். ரோஸ் நிறக் கல். அத்தான் ஆன்லைனில் வரவழைத்துக் கொடுத்ததாம். ஊரைச் சுற்றி உப்பளம், ரோட்டோரம் மலை மலையாக உப்பு குவிந்து கிடக்கிற தூத்துக்குடியில், ஒரு வீட்டுக்கு உப்பு பார்சலில் வந்திருக்கிறது. பாக்கெட்டின் பின்பக்கம் விலை ஒட்டிய ஸ்டிக்கரை யாரும் கிழிக்கவில்லை.

அதையே வறுத்துத் துணியில் கட்டி, சூடு பார்த்து, அவள் முழங்காலில் வைத்து வைத்து எடுத்தேன். அக்கா சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் முகம் தெளிந்தது. கல்லுப்பு இப்படிச் சூடு தாங்காதுளா என்றாள். அத்தான் கதவோரம் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார், நான் ஏதாவது சொல்லிவிடுவேனோ என்று.  நான் துணியை மறுபடி அடுப்புக்குக் கொண்டுபோனேன்.